தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் குடும்பத்தோடு எங்கே சாப்பிடலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். ஒரு குடும்பத்தினர் தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை, ஆறு வயதுப் பையன், சர்க்கரை உள்ள மாமனார், மாடிப்படி ஏற முடியாத மாமியார். வாரத்துக்கு ஒரு வேளையாவது அடுப்படிக்கு லீவு விட வேண்டும், எந்த ஓட்டலுக்குப் போகலாம் என்று கேட்கிறார்கள்.

பெயர் வரிசை தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கமே வளர்ந்தவன் நான், சித்தப்பா ஓட்டல் வைத்திருந்தபோது கல்லாவிலும் உட்கார்ந்திருக்கிறேன். புறநகர் ஓட்டல் ஓடுவது போர்டில் இருக்கும் பெயரால் இல்லை, உள்ளே நிற்கும் மாஸ்டரால். தீபாவளிக்கு ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி வராவிட்டால் தை மாதம் அதே போர்டுக்குக் கீழே வேறு ஓட்டல் நடந்துகொண்டிருக்கும், நான் இன்று எழுதிய பெயரை நம்பிப் போய் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். பெயருக்காகவே போகக்கூடிய பழைய இடங்கள் டெல்டாவில் உண்டுதான், கும்பகோணத்தில் கும்பேஸ்வரன் கோயிலை ஒட்டி மங்களாம்பிகா, திருவையாற்றில் அசோகா அல்வாவுக்கு ஆண்டவர் கடை, ஆனால் அவை ஊர் சுற்றப் போகிற அன்றைக்கு. வாராவாரம் வீட்டுப் பக்கத்தில் சாப்பிடுவதற்கு நான் முதலில் பார்ப்பது கடையை அல்ல, கடிகாரத்தை.

ராத்திரி டிபனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரை, ஆறே முக்காலுக்குப் போனால் முதல் ஈடு இட்லி இறங்கியிருக்கும், தோசைக்கல் காலியாக இருக்கும், சாம்பாரில் இன்னும் வெந்நீர் கலக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. சர்வருக்கும் பொறுமை இருக்கும், குழந்தைக்கு ஒரு சின்ன தட்டு, கொஞ்சம் சர்க்கரை, வெந்நீர் என்று மூன்று தடவை கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் கொண்டுவருவார். எட்டேகாலுக்கு மேல் அதே கடைக்குள் போய்ப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு இருப்பவர்கள், காலேஜ் பிள்ளைகள், டியூட்டி முடிந்த நர்ஸுகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள், அதோடு ஸ்விக்கி, சொமேட்டோ பையன்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று போனைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் சமையற்கட்டில் பார்சலுக்குத்தான் முதல் மரியாதை. உட்கார்ந்திருப்பவர் எழுந்து போகமாட்டார், பார்சல் தாமதமானால் ஆர்டர் கேன்சல் ஆகும், ஓட்டல்காரர் கணக்கு அதுதான். பசித்த ஆறு வயதுப் பையனோடு ஒரு தோசைக்கு அரை மணி நேரம் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மதியம் பிரியாணி என்றால் தம் உடைக்கிற நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள், கடைக்காரரே சந்தோஷமாகச் சொல்வார். பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரை. இந்தப் பக்கம் சீரகச் சம்பாவில்தான் போடுகிறார்கள், அது சின்ன அரிசி, சூட்டோடு சாப்பிடும்போது இருக்கும் உதிரி ஆறிப்போய்த் திரும்பச் சூடு பண்ணினால் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் போனால் அடிப்பானைதான், எண்ணெயும் மசாலாவும் அடியில் தங்கி காரம் தூக்கலாக இருக்கும், குழந்தைக்கு ஆகாது. சாயங்காலம் பிரியாணி உண்டு என்று போர்டு வைக்கும் சின்னக் கடையில் அது மதியத்தினுடையதா புதுச் சட்டியா என்று கேட்ட பிறகே உட்காருங்கள்.

இப்போது நம் பகுதியின் பெரிய வசதி. வெளியூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வாசல் ஓட்டல் என்றாலே ஒரு அலட்சியம். எனக்கு அப்படி இல்லை. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சைவ ஓட்டல்கள் விடிவதற்கு முன்பே அடுப்பு பற்ற வைக்கிறவை, அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் நோயாளிக்குச் சாப்பாடு வாங்க வருகிறவர்கள், அதனால் இட்லி மிருதுவாக இருந்தே ஆக வேண்டும், இடியாப்பம் இருக்கும், கஞ்சி கிடைக்கும், ரசத்தைத் தனியாகக் கேட்டால் ஊற்றித் தருவார்கள், காரம் குறைவாக இருக்கும், வெந்நீர் கேட்டால் வேற்றுக்கிரகவாசி மாதிரி பார்க்கமாட்டார்கள். பல் முளைக்கிற குழந்தைக்கும் பல் போன பெரியவருக்கும் இதைவிட என்ன வேண்டும்? சரக்கும் தேங்காது, மாவு அன்றைக்கே தீர்ந்துவிடும். குறை என்னவென்றால் உட்காரும் இடம் நெருக்கடி, வண்டி நிறுத்த முடியாது, ஆம்புலன்ஸும் டவுன் பஸ்ஸும் ஓடும் ரோட்டைக் குழந்தையோடு கடப்பது பெரும்பாடு. அதனால் கூட்டமாகப் போய் அங்கே உட்காராமல், காலை டிபனுக்கு ஒருவர் போய்த் தூக்கில் வாங்கி வருவதுதான் என் வழக்கம். மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடும் கடைகள் இன்னமும் இருக்கின்றன. எவர்சில்வர் தூக்கு கொண்டுபோனால் அந்தப் பிரச்சினையே இல்லை, அளவும் கவரைவிடக் கொஞ்சம் தாராளமாக விழும். இட்லியை வாழையிலையில் கட்டித் தரச் சொல்லுங்கள், திருவையாற்றுப் படுகையில் இவ்வளவு வாழை வைத்துக்கொண்டு நாம் காகிதத்தில் சாப்பிடுவானேன்.

எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதற்கு உங்களுக்குத் தோதானது முனிசிபல் காலனி, ஈஸ்வரி நகர், புது ஹவுசிங் யூனிட் பக்கமெல்லாம் காணப்படும் நடுத்தர ஓட்டல்கள். இவற்றில் ஏசி ஹால் பெரும்பாலும் மாடியில்தான். மாமியாருக்கு முட்டுவலி என்றால் அங்கேயே பாதி கடைகள் கழிந்துவிட்டன. லிஃப்ட் இருக்கிறதா, இல்லாவிட்டால் கீழேயே எல்லோரும் உட்கார மேஜை கிடைக்குமா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சோபா மாதிரி நீள இருக்கை பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் முட்டுவலிக்காரர் உள்ளே நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து அப்புறம் எழுந்திருக்கச் சிரமப்படுவார், அவருக்கு ஓரத்தில் தனி நாற்காலிதான் நல்லது. குழந்தைக்கான உயர நாற்காலி சில இடங்களில் இருக்கிறது, அதன் பெல்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகு உட்கார வையுங்கள், முக்கால்வாசி பெல்ட் அறுந்துபோய்த்தான் இருக்கும். நாற்காலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சின்னதைச் சுவர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், நடைபாதைப் பக்கம் வேண்டாம். சர்வர் சாம்பார் வாளியோடு வேகமாக வரும் வழியில்தான் குழந்தையின் கை நீளும்.

ஆர்டர் சொல்லும் முன் ஒருவர் எழுந்து கழிப்பறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். இது சங்கடமான காரியம்தான், ஆனால் சமையற்கட்டை நமக்குக் காட்டமாட்டார்கள், கழிப்பறையைக் காட்டுவார்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை, தரை வழுக்குகிறது, தாழ்ப்பாள் போடவில்லை என்றால் காபியோடு எழுந்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்பதில் ஒரு தந்திரம் உண்டு. ‘காரமில்லாமல் கொடுங்கள்’ என்றால் சர்வர் தலையாட்டிவிட்டுப் போவார், ஆனால் குருமாவும் சால்னாவும் காலையிலேயே அண்டாவில் தயாரானவை, அதில் காரத்தை எப்படி எடுப்பது? சொன்ன பிறகு செய்கிற பண்டமாகக் கேளுங்கள். ஊத்தப்பத்தில் பச்சை மிளகாய் போடாதே என்றால் போடமாட்டார்கள், நெய் ரோஸ்ட், கோதுமை தோசை, மிளகாய் இல்லாத ஆம்லெட், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், இவையெல்லாம் கைக்கு அடங்குபவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பா உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வேறு ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து அயிட்டம், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்க விடுவது, இட்லிக்குத் தொட்டுக்கொள்ள. மிளகாய்த்தூள் கிடையாது, உருளைக்கிழங்கு குழைந்து கிடக்கும், என் அண்ணன் பிள்ளைகள் சாம்பாரைத் தொடாமல் இதற்காக இன்னும் இரண்டு இட்லி கேட்பார்கள். எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைக்கிற கடையில் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும்.

சிவப்பாக மின்னும் சிக்கன் 65, கோபி மஞ்சூரியன் பக்கம் போக வேண்டாம். அந்தச் சிவப்பு பெரும்பாலும் மிளகாயால் வருவதில்லை, ஓட்டலில் சமைக்கும் இந்த வகைப் பண்டங்களில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டப்படி அனுமதியே இல்லை. பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி என்ற சாயத்தைக் கண்டுபிடித்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு தடை போட்டது ஞாபகம் இருக்கும், நிறத்தில் குழந்தைகள் மயங்குவது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். கிரில் சிக்கன், ஷவர்மாவோடு வரும் மயோனைஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் அரசு ஓராண்டுத் தடை விதித்தது, சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் அதில் பெருகும் என்பதுதான் காரணம். நம் வெயிலுக்கு அந்தக் கிண்ணம் மேஜையில் மணிக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தடை இருக்கிறதோ இல்லையோ, ஒன்றரை வயதுக்கு அது வேண்டவே வேண்டாம். அப்புறம் காராச்சேவு, வேர்க்கடலை மாதிரி எதையாவது மேஜையில் கொண்டுவந்து வைத்தால் சின்னதின் கைக்கு எட்டாமல் தள்ளி வையுங்கள். முழுக் கடலை மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் வயது அது.

மாமனார் விஷயம். மதியச் சாப்பாட்டில் சோறு அவருக்கு எதிரி என்று நினைத்துத் தனியாகச் சப்பாத்தி வாங்கிக் கொடுப்பார்கள், அவர் பாவம் இலையைப் பார்த்துக்கொண்டே மென்றுகொண்டிருப்பார். அளவு சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், முழுச் சாப்பாடு வேண்டாம், ‘இன்னும் கொஞ்சம்’ என்று சர்வர் வாளியோடு வந்து நின்றால் யாராலும் மறுக்க முடியாது. முதலில் பொரியலும் கூட்டும், அப்புறம் சோறு. பாயசத்துக்கு நீங்களே கை நீட்டிவிடுங்கள். இதைவிட முக்கியம், சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்து டோக்கனுக்குக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். இலை போட்டுச் சாப்பாடு வருவது உறுதியான பிறகு போட்டுக்கொள்ளட்டும், டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுபடி. சட்டைப்பையில் இரண்டு சர்க்கரை மிட்டாய் எப்போதும் இருக்கட்டும், பேரனுக்குத் தெரியாமல்.

வல்லம் பக்கம், திருச்சி ரோட்டில் புல்வெளி, ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் வைத்த ஓட்டல்களைப் பார்த்து உங்கள் பையன் அடம்பிடிப்பான். போகலாம், தப்பில்லை, ஆனால் அவை நாகப்பட்டினம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலையை நம்பி இருப்பவை, நம்மை நம்பி இல்லை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வண்டி, ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி கூட்டம், கல்யாண முகூர்த்த நாளில் மாப்பிள்ளை வீட்டு வேன் என்று இரண்டு பஸ் சேர்ந்து வந்து நின்றால் சமையற்கட்டு திணறிப்போகும், அன்றைக்கு உங்கள் நான்கு தோசை யாருக்கும் ஞாபகம் இருக்காது. வாசலில் டூரிஸ்ட் பஸ் நின்றால் நான் வண்டியைத் திருப்பிவிடுவேன். ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் புல்வெளியில் கொசு, மேஜைக்கடியில் கொசுவர்த்தி, குழந்தைக்கு இரண்டுமே ஆகாது. சறுக்குமரத்தின் தகரம் துருப்பிடித்து விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், வெயில் நேரத்தில் அது தோசைக்கல்தான். இன்னொன்று, சில இடங்களில் முன்பக்கம் ‘குடும்பத்துடன் வாருங்கள்’, பின்பக்கம் பார். பகலில் ஒன்றும் தெரியாது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வண்டி எடுக்கப் போகும்போது தெரியும். வண்டி நிறுத்துமிடம் இரண்டு தரப்புக்கும் ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பித்தளை டபராவை வாசலில் அடுக்கி வைத்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பித்தளையைக் கடையில் வாங்கிவிடலாம், பாலையும் டிகாக்‌ஷனையும்தான் தினம் ஒழுங்காக வைக்க வேண்டும்.

புரட்டாசியில் ஒரு சங்கதி. சனிக்கிழமை மட்டும் இல்லாமல் மாசம் முழுக்க கவுச்சி தொடாத வீடுகள் நம் பக்கம் நிறைய, அசைவ ஓட்டலில் வியாபாரம் படுத்துவிடும், ஃப்ரீசரில் கறி தேங்கும். உங்கள் வீட்டில் விரதம் இல்லை, கூட்டம் இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று அப்போது ஆட்டுக்கறிக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மாதத்தில் சைவ ஓட்டலில்தான் கூட்டம், சரக்கும் அங்கேதான் புதுசு.

பில் வந்ததும் ஒரு நிமிஷம் படித்துப் பாருங்கள். சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம், இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள், ஏசி ஹால் என்பதற்காக வரி அதிகமாகாது (விலையை வேண்டுமானால் அவர்கள் கூட்டி வைத்திருக்கலாம், அது மெனு கார்டிலேயே தெரியும்). காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சின்ன விகிதத்தைத் தானே வரியாகக் கட்டும் முறை) இருக்கும் சின்னக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம், அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. அதற்குப் பதில் குழந்தை கொட்டியதைத் துடைத்த ஓட்டல் வேலைக்கார அம்மாவுக்கு நேராகக் கையில் கொடுங்கள், கல்லாவில் வைத்தால் போய்ச் சேருமா என்று எனக்குச் சந்தேகம்தான். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும் இருக்க வேண்டும். இருந்தால் சுத்தம் என்று அர்த்தம் இல்லை, இல்லாவிட்டால் மறுபடி போக வேண்டாம்.

நாளைச் சொல்லுங்கள் என்றால், ஞாயிறு ராத்திரியை விட்டுவிடுங்கள், வீட்டில் சமைக்க மாட்டோம் என்று ஊரே முடிவு செய்யும் ராத்திரி அது. ராஜராஜ சோழன் பிறந்தநாளுக்குப் பெரிய கோயிலில் நடக்கும் சதயவிழா சமயத்தில் ஊருக்குள் போய்ச் சாப்பிடும் யோசனையும் வேண்டாம். செவ்வாய், புதன் சாயங்காலம் ஆறே முக்கால், வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் சைவ ஓட்டல், கீழ்த்தளம், சுவரோர மேஜை. ஒரே கடைக்குத் தொடர்ந்து நாலைந்து தடவை போங்கள். ‘தாத்தாவுக்குச் சர்க்கரை இல்லாத காபி, பாப்பாவுக்கு ஆறவைத்த பால்’ என்று சர்வரே உள்ளே சத்தம் கொடுக்க ஆரம்பித்துவிடுவார், உங்கள் வேலை பாதியாகும். வேறு வேறு கடையாகப் போய் ரேட்டிங் போட்டுக்கொண்டிருந்தால் இது கிடைக்காது.

பையன் பிறந்தநாளை ஓட்டலில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து கேக் கொண்டுவர விடுவார்களா, ஹாலுக்குத் தனியாகப் பணமா, குறைந்தது எத்தனை இலைக்குச் சொல்ல வேண்டும், இந்த மூன்றையும் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு மதியம் வேண்டாம், சாயங்காலம் நான்கிலிருந்து ஆறுக்குள் கேளுங்கள். மதியக் கூட்டம் போய் ராத்திரிக் கூட்டம் வராத இடைவெளி அது, ஹாலும் சுலபமாகக் கிடைக்கும், வாடகையிலும் பேசிக் குறைக்கலாம். மினி இட்லி, ஒரு இனிப்பு, வெஜ் கட்லெட், ரோஸ்மில்க் என்று சொன்னாலே பிள்ளைகளுக்குப் போதும். நுரை ஸ்ப்ரேயை மட்டும் யார் வாங்கி வந்தாலும் பிடுங்கி வைத்துவிடுங்கள், கண்ணிலும் படும், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அடித்தால் தீயும் பிடிக்கும்.